வருவான் என்று சொன்னவர்

போதகர் ஐயாவை நினைத்தால், அவர் எங்கள் முற்றத்தில் நின்ற நிலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். மாரி வெள்ளம் வாசற்படி வரைக்கும் ஏறியிருந்த ஒரு காலை நேரம். கால்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டிருந்தார். ஒரு கையில் கறுப்புச் சப்பாத்துச் சோடி, மற்றக் கையில் பொலித்தீனில் சுற்றிய வேதாகமம். உள்ளே வரலாமா என்று கேட்கவும் கூச்சப்பட்டவராய்த் தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் சைவக் குடும்பம். அதற்கு முன்னர் அவர் சைக்கிளில் போவதைத் தெருவில் கண்டிருக்கிறேனே தவிர, ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாதான் உள்ளிருந்து பார்த்துவிட்டு, “வந்தவர ஏன் வெள்ளத்துக்க நிப்பாட்டி வச்சிரிக்காய்? உள்ள கூப்பிடு புள்ள” என்றார். பல நாட்களுக்குப் பிறகு அம்மாவின் வாயிலிருந்து வந்த முழு வசனம் அது.

எங்கள் ஊர் பழுகாமம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. அந்த மாரிக்குச் சற்று முன்னர்தான் ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. விடிந்தும் விடியாத பொழுதில் எல்லோரையும் நான் படிப்பித்த பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனை ஜீப்பில் உட்கார வைத்து, இளைஞர்களை ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க விட்டார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்தப் பிள்ளை லொறியில் ஏற வேண்டும். என் தம்பி நடந்துபோனபோது அந்தச் சாக்கு அசைந்தது. அவனுக்குப் பின்னால் எதிர்வீட்டு மாமியின் மகன். மறுபடியும் அசைந்தது. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பந்தை உதைத்து வளர்ந்தவர்கள். ஒரே லொறியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் மற்ற ஆசிரியர்களோடு மாமர நிழலில் நின்றேன். நான் விஞ்ஞானம் படிப்பித்த வகுப்பறையின் சன்னல் லொறிக்கு நேர் பின்னால் தெரிந்தது. எத்தனையோ விடயங்களுக்குக் காரணம் சொல்லிக்கொடுத்த அறை அது.

அதற்குப் பிறகு அம்மா சோறு தின்பதை விட்டுவிட்டார். கண்ணகி அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தார். குறி சொல்பவரிடம் சாத்திரம் கேட்டார். முகாம் வாசல்களில் போய் நின்றார். எங்கும் பதில் கிடைக்கவில்லை. எனக்கோ கோயிலும் வேண்டாம், சாத்திரமும் வேண்டாம் என்றாகிவிட்டது. கடவுள் இல்லை என்று நான் முடிவு செய்யவில்லை. இருக்கிற ஒருவர் அந்த மைதானத்தை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அப்படியிருந்த வீட்டுக்குத்தான் போதகர் ஐயா வந்தார். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து பாலம் கடந்து, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, எங்கள் ஊரிலிருந்த நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக ஞாயிறுதோறும் வருபவர். கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில்தான் அவர்களுடைய ஜெபவீடு. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கெல்லாம், யார் எந்தச் சமயம் என்று பார்க்காமல், அவர் போய்வருவதாகப் பின்னர் அறிந்தேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, நீங்க கடவுளோட கதைக்கிற மனிசன். ஒண்டு மட்டும் சொல்லுங்க. என்ட புள்ள வருவானா?”

போதகர் ஐயா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“வருவான் அம்மா” என்றார்.

அவர் புறப்பட்டபோது படலை வரைக்கும் நான் பின்னால் போனேன். எனக்குக் கோபம் வந்திருந்தது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “பொய்யான நம்பிக்கையக் குடுத்து ஆள் சேக்கத்தான் வந்தயளா?”

அவர் வெள்ளத்தைப் பார்த்தபடி சொன்னார்: “ரீச்சர், நான் யோசிச்சுச் சொல்லல்ல. வாயில வந்திற்று.”

அன்று மத்தியானம் அம்மா சோறு தின்றார். எனக்கு அது மகிழ்ச்சியா, பயமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வெறும் ஒற்றைச் சொல், அதுவும் சொன்னவருக்கே உறுதியில்லாத சொல், ஒரு மனுசியை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பிவிட்டதே என்று வியந்தேன். அந்தச் சொல் உடைகிற நாளில் அம்மாவை யார் தாங்குவது என்றும் கலங்கினேன். அடுத்த ஞாயிறு அம்மா ஜெபவீட்டுக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். அம்மன் கோயிலுக்கு வைத்த நேர்த்தியையும் விடவில்லை. “ரெண்டு பக்கமும் கேக்கிறதில என்ன குத்தம்?” என்பார்.

போதகர் ஐயா எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரத் தொடங்கினார். நான் விடாமல் கேள்வி கேட்பேன். அவர் அதை வெறுக்கவில்லை, வரவேற்றார் என்றுகூடச் சொல்லலாம். “கடவுள் இருந்தா அந்த லொறிய ஏன் நிப்பாட்டல்ல?” என்று ஒருநாள் கேட்டேன். வேதாகமத்தைத் திறந்து வசனம் காட்டுவார், நானும் மறுத்துப் பேசலாம் என்று காத்திருந்தேன். அவர் அதைத் தொடவேயில்லை. “எனக்குத் தெரியா ரீச்சர். சிலுவையில தொங்கினவரும் ஏன் எண்டுதான் கேட்டாரு. அவருக்கும் அந்த நேரம் மேல இருந்து மறுமொழி வந்ததா எழுதியில்ல. நீங்க கேக்கிற கேள்விய அவரும் கேட்டவரு எண்டதுதான் நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய சுவிசேஷம்” என்றார். இது பதிலே இல்லை என்று அப்போது நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவரோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

சில மாதங்களில் அம்மா ஞானஸ்நானம் கேட்டார். வேறு போதகர் யாராவது என்றால் அந்த ஞாயிறே வாவியில் இறக்கியிருப்பார்கள். போதகர் ஐயா மட்டும் முகம் வாடிப் போனார். அம்மாவுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

“அம்மா, அண்டைக்கு வருவான் எண்டு நான் சொன்னது கடவுள் எனக்குச் சொல்லிச் சொன்னதில்ல. உங்கட முகத்தப் பாக்க ஏலாமச் சொன்னது. அத நம்பி நீங்க ஞானஸ்நானம் எடுத்தா அது பாவம். என்ட பாவம்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அழவில்லை. வெற்றிலையை மடித்தபடியே, “நீங்களாச் சொல்லிரிந்தா நான் நம்பிரிக்கமாட்டன் ஐயா. உங்களப் பாத்தா உறுதியாக் கதைக்கிற ஆள் மாதிரியே இல்ல. அண்டைக்கு உங்கட வாயால வந்தது உங்கட சொல் இல்ல” என்றார். போதகர் ஐயா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சந்தேகப்படுகிற இரண்டு பேருக்கு நடுவில் அம்மா மட்டும் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஞானஸ்நானத்தைக் கொஞ்சக் காலம் தள்ளிவைப்போம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இந்தக் கதை எதிர்வீட்டு மாமியின் காதுக்கும் போனது. ஒருநாள் அவர் எங்கள் படலையில் போதகர் ஐயாவை மறித்தார். மாமி யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். புருசன் இறந்த பிறகு ஒற்றை ஆளாக நின்று வயல்வெளியான வட்டையில் நெல் செய்வித்தவர். “அவளுக்குச் சொன்னத எனக்கும் சொல்லுங்க ஐயா. வருவான் எண்டு சொன்னாக் காணும். நான் வேற ஒண்டும் கேக்கமாட்டன்” என்றார்.

போதகர் ஐயாவின் உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்று அந்த நேரம் எனக்கும் தோன்றியது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“எனக்குத் தெரியாத ஒண்ட இனி நான் சொல்ல ஏலா அம்மா. உங்களோட சேந்து ஜெபம் பண்ணுறன். அத மட்டுந்தான் என்னால செய்ய ஏலும்.”

“ஜெபம் எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு மாமி திரும்பி நடந்தார்.

அடுத்த போகம் விதைத்து முடிந்திருந்த காலம். ஒரு நண்பகலில் தம்பி வந்தான். பேருந்திலிருந்து இறங்கி, யாருடையதோ பெரிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி தெருவால் நடந்து வந்தான். முதலில் நாய்தான் அவனை அடையாளம் கண்டது. அம்மா ஓடிய ஓட்டத்தில் அடுப்பில் இருந்த பானை கவிழ்ந்தது. தெருவே எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டது. மாமியும் வந்தார். தம்பியின் தோளைப் பிடித்து, “உன்னோட வந்தவன் எங்கடா?” என்று கேட்டார். பிடித்துக்கொண்டு போன அன்று பின்னேரமே தங்களைப் பிரித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு அவனைக் காணவேயில்லை என்று தம்பி சொன்னான். மாமி அவனுடைய முகத்தைத் தடவிவிட்டார். “சாப்பிடு மனே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி கேட்டுப் போதகர் ஐயா அன்று பின்னேரமே வந்தார். அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்த ஜெபவீட்டுக்காரர்கள் பாட்டுப் பாடத் தயாராக நின்றார்கள். அவர் தம்பியின் தலையில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே வந்து, தெருவுக்கு அப்பால் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மாமியைக் கண்டார். மாமி எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அவளுக்குச் சொன்னயள். அவளுக்குப் புள்ள வந்திற்றான். எனக்கு ஏன் சொல்லல்ல?”

போதகர் ஐயா தெருவிலேயே நின்று அழுதார். வளர்ந்த ஆண் ஒருவர், அதுவும் மதகுரு, அப்படி அழுததை அதற்கு முன் நான் கண்டதில்லை. மாமி விளக்கத்துக்குக் காத்து நிற்காமல் தன் வாசலுக்குத் திரும்பிப் போனார்.

அம்மா வாவியில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தார். கரையில் நான் உலர்ந்த சேலையோடு நின்றேன். அதெல்லாம் முடிந்த பிறகு போதகர் ஐயா ஈர உடுப்போடு வந்து என் பக்கத்தில் நின்றார். அம்மாவுக்கு அன்று ஒரு சந்தேகமும் இல்லை. அவருக்குத்தான் இருந்தது. “ரீச்சர், இரக்கப்பட்டுச் சொன்ன பொய் நடந்திற்று. உண்மைக்குப் பயந்து வாயப் பொத்தினன், அந்தத் தாய் தனிச்சுப் போனா. இதில எது விசுவாசம்? உங்களுக்கு விளங்குதா?” என்றார். அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும் என்று நினைத்ததேயில்லை. “நீங்க சொல்லாததால அவன் வராம விடல்ல ஐயா” என்றேன். “அது எனக்கும் தெரியும்” என்றார். “தெரிஞ்சும் என்ன?”

அதற்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஞாயிறுதோறும் ஜெபவீட்டு ஆராதனை முடிந்ததும், மாமியின் முற்றத்துக்குப் போய் அங்கிருந்த மரக்குற்றியில் உட்காருவார். கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மாமியும் அவரோடு கதைக்கமாட்டார். நெல்லைக் காயப்போடுவார், கோழியைக் கலைப்பார், அவர் அங்கு இருப்பதாகவே காட்டிக்கொள்ளமாட்டார். போதகர் ஐயா கொஞ்ச நேரம் அப்படி இருந்துவிட்டு எழுந்து போவார். ஊரில் சிலர் சிரித்தார்கள். மாமியை எப்படியும் மதம் மாற்றப் பார்க்கிறார் என்றார்கள் வேறு சிலர். அவருடைய ஜெபவீட்டுக்காரர்களோ, அவர் நேரத்தை வீணாக்குகிறார் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசிய ஒரு காலத்தில்தான் மாமி முதன்முதலாக ஒரு கோப்பை தேநீரைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்ததைக் கண்டேன். மாமி கடைசிவரைக்கும் கிறிஸ்தவர் ஆகவில்லை. போதகர் ஐயாவை வேறு ஊருக்கு மாற்றிய பின்னர், “அந்த மனிசன் எப்பிடி இரிக்காராம்?” என்று அம்மாவிடம் இடைக்கிடை கேட்பார்.

யுத்தம் முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். தன்னை விடுவித்தது கடவுளும் இல்லை, போதகரும் இல்லை, பெயர்ப் பட்டியலில் நேர்ந்த பிழை என்கிறான். அவன் கோயிலுக்கும் போவதில்லை, தேவாலயத்துக்கும் போவதில்லை. போதகர் ஐயா இறந்துவிட்டார். அவர் சாகும்வரை பிரசங்கம் செய்தார் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டே செய்தாரா, கரைத்துவிட்டுச் செய்தாரா என்று கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. நான் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் அம்மாவுக்குத் துணையாகப் போகத் தொடங்கிய ஜெபவீட்டின் கடைசி வாங்குப் பலகையில் இன்னும் உட்காருகிறேன். ஏன் என்று யாராவது கேட்டால், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்கிறேன்.

போன வருடம் அம்மாவும் போய்விட்டார். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மாமி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் பார்வை நன்றாக மங்கிவிட்டது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“புள்ள, நீ அங்க போய்வாற ஆள். ஒண்டு சொல்லு. செத்தவங்களெல்லாம் ஒரு இடத்திலதான் இரிப்பாங்களாம் எண்டு கொம்மா சொல்லுவா. கொம்மா போனதும் என்ட மகன் அங்க இரிக்கானா எண்டு பாத்திரிப்பாளா?”

எனக்குத் தெரியாது. அவன் இறந்தான் என்பதற்கே எங்களிடம் ஒரு சான்றும் இல்லை. அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தெரியாது என்று சொல்வதுதான் நேர்மை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமியின் முகம் எனக்கு மிகக் கிட்டத்தில் இருந்தது.

“பாத்திரிப்பா மாமி” என்றேன். “முதல் வேலையா அதத்தான் செய்திரிப்பா.”

மாமி தலையை ஆட்டிக்கொண்டார். கையை விடவில்லை. நான் சொன்னது இரக்கமா, பொய்யா, அல்லது எனக்கே தெரியாமல் எனக்குள் இருந்த ஏதாவதா என்று யோசித்தபடி நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.