வெயிலில் நிறுத்தாதீர்கள் என்றவர்

ஸ்டெல்லா டீச்சர் இறந்த செய்தி எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு காலையில் வந்தது. மாரடைப்பு. கூப்பிய கைகளுக்கும் ரோஜாப் பூக்களுக்கும் நடுவே, ‘அன்பின் திருவுருவம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் அன்பின் திருவுருவம் அல்ல. கோபக்காரர். அந்தக் கோபத்தை மறைத்துவிட்டு அவரை வழியனுப்ப எனக்கு மனமில்லை.

திருவரங்குளம் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் அவர் உயிரியல் நடத்தினார், நான் வேதியியல். அவருடைய முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளிகள் இருந்தன. அது தொற்றாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவருக்கே ஆசிரியர் அறையில் தனி டம்ளர் வைத்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து முகம் சுளித்தபோது அவர் சிரித்தார்.

“இருக்கட்டும் மிஸ். மத்த டம்ளர்ல யாரு யாரு வாய் வச்சாங்களோ! இது ஒண்ணுதான் சுத்தம்.”

நிறமி இல்லாத அந்த இடங்கள் சிறிது நேர வெயிலிலேயே சிவந்து எரியும். அதனால் மைதானத்தைக் கடக்கவும் குடை பிடிப்பார். முழுக்கை ரவிக்கை அணிவார். மருத்துவர் எழுதித் தந்த களிம்பைப் பூசிக்கொள்வார். “என்ன டீச்சர், கலர் கொறஞ்சிருமா?” என்பார் கணக்கு ஆசிரியர். “கொறைய இன்னும் என்ன சார் இருக்கு? வெந்துரும்” என்பார் இவர்.

ஓர் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. பூத்தட்டோடு வாசலில் வரிசையாக நின்ற மாணவிகளை உச்சிவெயில் ஏறிய பிறகும் நகர விடவில்லை. டீச்சர் தலைமை ஆசிரியரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

“நம்ம ஊர்ப் புள்ளைங்க டீச்சர். கருத்த தோலு, வெயில் ஒண்ணும் செய்யாது. காட்டுல வேல பாக்குறவங்க வீட்டுப் புள்ளைங்கதானே?”

“காட்டுல வேல பாக்குறவங்க தலையில துண்டு போட்டுக்குவாங்க சார். இந்நேரம் மரத்தடிக்குப் போயிருப்பாங்க. எல்லாத் தோலும் வேகும். கருப்புன்னா கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்.”

தலைமை ஆசிரியர் கேட்கவில்லை. அந்த வரிசையில் ரம்யா என்ற ஒன்பதாம் வகுப்பு மாணவியும் நின்றாள். அவளுக்கும் கழுத்திலும் கைகளிலும் வெண்புள்ளிகள். விழா முடிந்தபோது அந்த இடங்கள் கன்றிச் சிவந்திருந்தன. மாலையில் கொப்புளம் கண்டது. யாரோ ஒருவர் குளிர்ச்சி என்று பற்பசையை அப்பியிருந்தார்.

“பல்லுக்குள்ளத பல்லுல தேய்ங்க!” என்று கத்தினார் டீச்சர். தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பற்பசையைக் கழுவினார். துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் போட்டார். ஐஸ் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினார். கொப்புளத்தை யாரும் உடைக்கக் கூடாது என்றார். நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தார். குளிர்க்காய்ச்சல் வந்ததும் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

அங்கே ஓடிவந்த ரம்யாவின் தாய், “இந்த நோவு ஏறிருச்சா டீச்சர்?” என்று அழுதார்.

“நோவு இல்ல ஆத்தா. வெயில்ல நிப்பாட்டுனாங்க, வெந்துருச்சு. அம்புட்டுத்தான். நம்ம மேல ஒரு தப்பும் இல்ல.”

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் டீச்சர்தான். விழா நாளில் சத்தம் போட்டு அதன் மாண்பைக் கெடுத்துவிட்டாராம். பிள்ளையின் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதன்பின் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு விழாவிலும் அவர் சண்டை போட்டுத்தான் மாணவிகளை நிழலுக்கு அனுப்பினார். அவர் போனதும் பழையபடியே ஆனது.

நேற்று பள்ளியில் அவருக்கு இரங்கல் கூட்டம். பதாகையில் இருந்த படத்தைப் பார்த்துத் திகைத்தேன். கணினியில் வெண்புள்ளிகளை அழித்து முகம் முழுவதையும் ஒரே நிறமாக்கியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒளித்துக்கொள்ளாத முகத்தை இறந்தபின் ஒளித்துவைக்க இவர்களுக்கு யார் அனுமதி தந்தது? ஆசிரியர்களுக்குப் பந்தல் போட்டிருந்தது. மாணவிகள் பதினொரு மணி வெயிலில் வரிசையாக நின்றார்கள், அவருக்கு மௌன அஞ்சலி செலுத்த!

என்னைப் பேச அழைத்தார்கள். மேடைப் பேச்சு எனக்கு வராது. “புள்ளைங்க எல்லாரும் மரத்தடிக்குப் போங்க” என்று மட்டும் மைக்கில் சொன்னேன்.

“ரெண்டு நிமிஷம்தான் மேடம்” என்றார் இப்போதைய தலைமை ஆசிரியர்.

“நிழல்லயும் மௌனமா நிக்கலாம் சார்.”

மாணவிகள் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேப்பமரங்களை நோக்கி ஓடினார்கள். அங்கே மௌனம் இல்லை. தண்ணீர் பாட்டில்கள் கைமாறின, சிரிப்புக் கேட்டது. அஞ்சலி குலைந்துவிட்டது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்.

டீச்சர், மைதானத்தில் ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை. அடுத்த விழாவுக்கும் இவர்களோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் போய் வாருங்கள்.