பாத்திரக்கடைக்காரரின் பூனைக்கடி

மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்: மாடு வாய் திறந்து தன் நோயைச் சொல்லாது, அதை ஓட்டி வந்தவர் வாயை மூட மாட்டார். எழுபதுகளின் கடைசியில், விலங்கியல் படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக, நாலு பேரிடம் பேசவே கூசுகிற எனக்குத் திருவண்ணாமலையில் அந்த வேலை கிடைத்தது. சீட்டு எழுதும் குமாஸ்தா. டாக்டர் பாதி நாள் கீழ்பென்னாத்தூர் பக்கம் கறவை மாடு பார்க்கப் போய்விடுவார். அப்போது வருகிறவர்களுக்கு நான்தான் டாக்டர். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொதுஜனத்திடம் மாட்டிக்கொண்டு விழிப்பவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கையை மட்டும் கொண்டு வந்தவர்

தேரடி அருகே பாத்திரக்கடை வைத்திருந்த கோதண்டம் ஒரு நாள் வந்து கையை மேஜைமேல் நீட்டினார். வீட்டுப் பூனை கடித்துவிட்டதாம். ஊசி போட வேண்டுமாம். “இது மிருகங்களுக்கான ஆஸ்பத்திரிங்க” என்றேன், மேஜையைப் பார்த்துக்கொண்டு. “கடிச்சது மிருகந்தானே?” என்றார்.

நல்லவேளை, டாக்டர் உள்ளே இருந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. கடிப்பதற்கு முன்னால் பூனை என்ன செய்தது என்று விசாரித்தார். மடியில் ஏறிப் படுத்ததாம், குர்குர் என்றதாம், கையை நக்கியதாம், அப்புறம் லபக்கென்று விரலைக் கவ்வியதாம். “தோல்ல பல்லே பதியலை. இது கடி இல்லைங்க, கொஞ்சல்” என்று சிரித்தார் டாக்டர். கோதண்டம் கையை மடக்கிக்கொண்டு யோசித்தார்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்க வீட்ல யாரும் யாரையும் கொஞ்சினதில்ல சார். இது மட்டும் எங்க கத்துக்கிச்சு?”

மருந்து கேட்ட மனைவி

மறுநாள் அவர் மனைவி சரசு வந்தார். டாக்டர் இல்லை. கொஞ்சல் என்ற விளக்கத்தைக் கோதண்டம் வீடு போய்ச் சேருவதற்குள் நம்பாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது. தீபத்தன்று கிரிவலம் போகும்போது பூனையைச் சாக்கில் போட்டு எடுத்துப்போய் மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையில் விட்டுவிடப் போகிறாராம். “அவர் பகலெல்லாம் கடையில இருக்கார். நான் யார்கிட்ட பேசறது?” என்று கண் கலங்கினார் சரசு. கடிக்காமலிருக்க ஒரு மருந்து வேண்டுமாம்.

அதற்கு மருந்தில்லை. டாக்டர் சொல்லிக் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். குட்டிகள் ஒன்றையொன்று மெல்லக் கடித்து விளையாடும். பிரியமானவர்களிடம் அந்தப் பழக்கம் தொடரும். தடவுவது ஜாஸ்தியானால் ‘போதும்’ என்பதையும் பல்லால்தான் சொல்லும். வால் படபடத்தால் தடவுவதை நிறுத்திவிட வேண்டும். கவ்வினால் கையை இழுக்கக் கூடாது, இழுத்தால் இன்னும் இறுக்கும்; அசையாமல் இருந்தால் தானே விட்டுவிடும். அந்த மாதத்தில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

“இதை நான் சொன்னா அவர் காதுல ஏறாது கண்ணு. நீ படிச்ச பொண்ணு, கடைக்கு வந்து நீயே சொல்லிடு.”

எவர்சில்வர் நடுவே

போனேன். கோதண்டத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் எதிரிலிருந்த குடத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தக் குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதியில் உள்ளே வந்த ஒரு அம்மாள் மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தொட்டார்.

“அசையாம இருந்தா விட்டுடுமா? எங்க மாமியாருக்கும் இது செல்லுமாம்மா?”

அடி அண்ணாமலை வரை

தீபத்தன்று காலையில் கோதண்டம் சாக்கோடு கிளம்பியே விட்டார். நடந்ததை அப்புறம் அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். அடி அண்ணாமலையில் ஓரமாக நின்று சாக்கைத் திறந்து பூனையை வெளியே எடுத்திருக்கிறார். பின்னால் வந்த கூட்டம் அலறியது: “யோவ், குறுக்க விட்டுடாதய்யா! நாங்க தாண்டினப்புறம் விடு.” தாண்டட்டும் என்று நின்றார். அடுத்த கூட்டம் வந்தது. அவர்களும் அதையேதான் சொன்னார்கள். தீபத்தன்று அந்தப் பாதையில் கூட்டத்துக்கு முடிவு ஏது?

பூனை நடுங்கிக்கொண்டே அவர் மார்பில் ஒட்டிக் கிடந்தது. பிறகு கட்டைவிரலைக் கவ்வியது. அவர் இழுக்கவில்லை, அசையாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் விரலை விட்டது, சட்டையை விடவில்லை. கிரிவலத்தில் பாதியில் திரும்பவும் கூடாது.

“தொலைக்கத்தாம்மா தூக்கிட்டுப் போனேன். மலையைச் சுத்தி வச்சு, புண்ணியத்தோட வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன்.”

புதுப் புகார்

ஆனால் அவர் வந்தது அதைச் சொல்ல அல்ல. அன்றிலிருந்து பூனை அவர் பக்கமே வருவதில்லை. சரசு மடியில் தூங்குகிறது, அவரைக் கண்டால் பரணில் ஏறிவிடுகிறது. விரலை நீட்டினால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. “கோவமா இருக்குமோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கூப்பிடாதீர்கள், துரத்தாதீர்கள், ஒரு பக்கமாகப் பேசாமல் உட்கார்ந்திருங்கள், தானாக வரும் என்றேன். பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த வைத்தியம். கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அப்படியே உட்கார ஆரம்பித்தாராம். பொங்கல் நெருங்கும்போது சரசு மூச்சிரைக்க வந்தார்.

“நேத்து கடிச்சுடுச்சு கண்ணு! மனுஷன் அந்தக் கையைக் கழுவவே மாட்டேங்கறார்.”

பூனை கடித்தாலும் மனிதர்கள் மாட்டாஸ்பத்திரிக்கு வந்தார்கள், கடிக்காவிட்டாலும் வந்தார்கள். பூனைதான் கடைசிவரை ஒரு தடவையும் வரவில்லை.