வரிசையில் புகைந்த சுங்கான்

செம்பனை எண்ணெய் ஆலையின் லோரி வரிசையில் பெரும்பாலும் எனக்கு முன்னால் நிற்பவர் அவர். நரைத்த மீசை, வாயில் சுங்கான் என்னும் புகைக்குழாய். டப்பாவில் உதிரியாக வரும் காரமான புகையிலையைத்தான் வாங்குவார்.

"தொறந்தோமா, அடைச்சோமா, ரெண்டு இழுப்புல தல கிர்ருனுச்சா, அவ்வளவுதான் லா. அதுக்குள்ள வரிச நகந்துடும்" என்பார்.

ஒருநாள் யாரோ கொடுத்த வாசனைப் புகையிலைக் கட்டியைக் கத்தியால் சீவி உதிர்த்துக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. ஆலை மூடும் நேரம். இடம் போனால் அவர் ஏற்றி வந்த பழம் மறுநாள்வரை லோரியிலேயே கிடந்து கெட்டுவிடும். நான் முந்தாமல், இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"நீ பூந்துருக்கலாமேடா தம்பி?"

நான் சிரித்தேன்.

இருவரும் பழம் இறக்கி வெளியே வந்தபோது கட்டியை என்னிடம் நீட்டினார். "இது வீட்டுல உக்காந்துருக்கிறவனுக்கு லா. நீயே வச்சுக்க."

நான் புகைப்பதில்லை என்று சொல்லக் கூச்சம். இன்றும் அது என் லோரிக்குள் மணக்கிறது.