ஹம்சாவின் தசையில் நீல நார்கள்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கௌரவக் குறைவு. எர்ணாகுளத்தில் ஒரு பேத்தாலஜி லேபில் தசை பயாப்சிகளுக்குச் சாயம் ஏற்றியே தலை நரைத்தவன். மைட்டோகாண்ட்ரியா இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் வந்த தசைத் துண்டு ஹம்சாவுடையது. மட்டாஞ்சேரியில் என் பக்கத்து வீடு. மிளகு குடோனில் சுமை தூக்குபவன். கொஞ்ச நாளாக இரண்டு மூட்டை தூக்கினாலே உட்கார்ந்துவிடுவான். இமை பாதி மூடியே இருக்கும். அங்காடி முழுக்க அவனை 'உறக்கந்தூங்கி' என்றது. பெயர் சூட்டியவன் அடியேன். முதலாளி அவனை நிறுத்திவிடும் யோசனையில் இருந்தார். சோம்பலா, நோயா? அதற்குத்தான் பயாப்சி.

டெஸ்ட் எளிது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். மடிப்பு மடிப்பான உள்சவ்வில் உட்கார்ந்திருக்கும் என்சைம்கள்தாம் செல்லுக்குச் சக்தி தருகின்றன. அவற்றில் ஒரு குறிப்பிட்ட என்சைம் வேலை செய்தால் தசை நார் பழுப்பாகும். செய்யாவிட்டால் அடுத்த சாயத்தில் நீலமாக நிற்கும். அதே ஸ்லைடில் நோயில்லாத ஒருவரின் தசையையும் கன்ட்ரோலாக வைப்போம்.

பார்த்தேன். ஹம்சா முழுக்க நீலம். கன்ட்ரோலும் முழுக்க நீலம். ஓடினேன்.

"மேடம், கன்ட்ரோல் ஆளுக்கும் நோய்! உடனே போன் பண்ணணும்!"

டாக்டர் மேடம் ஸ்லைடைத் தொடவேயில்லை. என்னை எல்லோரும் இக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்; மேடமும் அப்படித்தான். "எந்தா இக்கா, டாப் ஊத்தினீங்களா?"

டாப்தான் பழுப்பு நிறம் தரும் மருந்து. வெளிச்சம் படக் கூடாதென்று ஃபாயில் சுற்றி ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்தேன். பத்திரமாக அங்கேயே இருந்தது.

இளைய டெக்னீஷியன்களே, கன்ட்ரோல் சரியாக வராதவரை நோயாளியைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

மறுபடி செய்தேன். கன்ட்ரோல் பழுப்பு. ஹம்சாவின் தசையிலோ பழுப்புக்கு நடுவே அங்கங்கே நீல நார்கள். குழப்பம் கூடியது.

"பாதி நோயா மேடம்?"

"ஒரே ஆளுக்குள்ள நல்ல மைட்டோகாண்ட்ரியாவும் கெட்டதும் கலந்து கிடக்கும் இக்கா. கெட்டது கூடின நார் தளர்ந்துபோகும். இது சோம்பல் இல்ல, அசுகம்தான்."

மேடம் எடுத்துச் சொல்லியும் ஹம்சாவுக்கு விளங்கவில்லை. சாயாக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். நானும் உள்சவ்வு, கரண்ட், மோட்டார் என்று கண்டதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே எதுவும் புரியாமல் போயிற்று. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"மொத்தத்துல, நீ உறக்கந்தூங்கி இல்லடா."

ஹம்சா கிளாஸைக் கீழே வைத்தான்.

"அதை அங்காடியில வந்து சொல்லுங்க இக்கா."