வலை விரித்த வெல்டர்

ஓமானில், சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் குழாய்ப் பட்டறையில், சோலைமுத்து பற்றவைத்த குழாய் மூட்டுகளை எக்ஸ்ரே எடுப்பது வெறும் சடங்கு. உள்ளே ஒரு குமிழிகூட இருக்காது. இன்ஸ்பெக்டருக்கும் அது தெரியும். சோலைமுத்து முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பதினாறு வருஷம் ஆகிறது. முதலில் சவுதியில், அல் கோபாரில் இருந்தார். அங்கே சாரத்திலிருந்து விழுந்ததில் இடது கால் கொஞ்சம் இழுக்கும். அதைச் சொல்லிக்காட்ட அவர் யாரையும் விட்டதில்லை. கையில் வேலை இருக்கிறவன் காலைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?

அந்தக் காலுக்கே ஒரு பெருமை வந்து சேர்ந்தது, மகள் அகிலாவால். பத்தாவது படிக்கிறாள். பள்ளி நூலகத்திலிருந்து கிரேக்க சாமிகளைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, வீடியோ காலில் அப்பாவுக்குத் தமிழில் கதை சொன்னாள்.

"அப்பா, இதுல ஒரு சாமி உங்க வேலைதான் பாக்குறாரு. நெருப்பு, சுத்தியல், பட்டறை. பேரு ஹெஃபைஸ்டஸ். காலும் உங்கள மாதிரியே."

"கால் என்ன ஆச்சாம்?"

"அவங்க அப்பா ஸீயஸ்தான் எல்லாருக்கும் ராஜா. அம்மாகூட அவருக்குச் சண்ட. இவரு அம்மா பக்கம் பேசிட்டாரு. ராஜா இவரு காலப் புடிச்சு வானத்துலருந்து வீசிட்டாரு. ஒரு பகல் முழுக்க விழுந்துக்கிட்டே இருந்தாராம்."

மறுநாள், நாலு பேராகத் தங்கும் அறையில் அதைச் சொன்னபோது, தொண்டிக்காரர் சாதிக் பாட்ஷா, "அந்த ராஜா விசா குடுத்த நம்ம பழைய கஃபீல் மாதிரில்ல இருக்கான்" என்றார். இடியைக்கூட மகன் பட்டறையில்தான் செய்து வாங்கிக்கொண்டான் ராஜா என்று அகிலா சொல்லிக் கேட்டதும் சோலைமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தச் சாமிக்குக் கட்டிவைத்தது அழகுக்கென்றே பிறந்த அஃப்ரோடைட்டியை. வெல்டரின் மனைவி நாகவள்ளியும் அழகுதான். அறையில் கேலி எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேலி காதில் விழுந்துகொண்டே இருந்தால் புத்திக்குள்ளும் இறங்கிவிடும். போன லீவில் ஊருக்குப் போனவர், வீட்டுக்கூடத்தில் நிலைக்கு மேலே கேமரா ஒன்றைப் பொருத்திவிட்டு வந்தார். ஆடு களவு போகிறது என்று காரணம் சொன்னார். கூடத்தில் ஆடு கட்டுவதில்லை.

அதன் பிறகு ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் நாகவள்ளி தினம் அரை மணி நேரம் பேசுவாள். மகளிர் சங்கத்துச் சண்டை, மாமியார் மருந்து, மிளகாய் காய்ச்சது வரைக்கும். இப்போது, "பாத்துக்கிட்டுத்தான இருக்கீக, நான் வேற என்னத்தச் சொல்ல" என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாள். படம் தெளிவாகத் தெரிந்தது. மனைவியின் குரல்தான் இல்லை. அது அவருக்கு உறைக்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாடு முடிந்து நாலு பேரும் அறையில் கிடந்தார்கள். சோலைமுத்துவின் போன் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்ந்து நின்றது. திரையில், ஊர் வீட்டுக் கூடத்து நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

சாதிக் எட்டிப் பார்த்தார். "அண்ணே, யாரது புதுசா? அஃப்ரோடைட்டி வீட்டுக்கு விருந்தாளியா?"

சோலைமுத்து யோசிக்கவில்லை. கேமராவில் பேசும் வசதியும் இருந்தது. அழுத்தினார். "யாருடா அது நாற்காலியில?"

முதுகுளத்தூரில் சுவர் பேசியது. அவன் துள்ளி எழுந்ததில் டீ சட்டை மேலெல்லாம் கொட்டியது. அறையில் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழுத்திய விரலை அவர் எடுக்கவில்லை. அந்தச் சிரிப்பும் கூடத்தில் கேட்டது.

நாகவள்ளி அடுப்படியிலிருந்து வந்தாள். "ஜெயசீலா, நீ போயி மோட்டாரப் பாரு" என்று அவனைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டுக் கேமராவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"சிரிச்சது எத்தன பேரு?"

அப்போதுதான் அவர் விரலை எடுத்தார்.

"அகிலா உங்ககிட்ட ஒரு கதைய மட்டும் மறைச்சிருச்சு. கூச்சமாம். நான் சொல்றேன். உங்க வெல்டர் சாமி பொண்டாட்டி, சண்டைக்கார சாமி ஏரெஸ் மேல ஆசப்பட்டா. இவரு கண்ணுக்குத் தெரியாத வலை ஒண்ணு செஞ்சு, கட்டில்ல கட்டி, ரெண்டு பேரையும் புடிச்சிட்டாரு. கெட்டிக்கார வேலதான். அதோட விட்டாரா? ஊரு சாமி எல்லாத்தயும் வாங்க, வந்து பாருங்கன்னு கூப்புட்டாரு. பொம்பளச் சாமி ஒண்ணுகூட வரல, வெக்கம். ஆம்பளச் சாமியெல்லாம் வாசல்ல நின்னு சிரிச்சுச்சாம். அவளப் பாத்து மட்டுமா சிரிச்சிருக்கும்?"

சாதிக் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அவளாச்சும் ஒரு தப்புப் பண்ணா. நான் மோட்டார் பாக்க வந்தவனுக்கு டீ குடுத்தேன். பிஸ்கோத்து இருந்திருந்தா அதயும் குடுத்திருப்பேன். இது இங்க இருக்குற வரைக்கும் நீங்க பாத்துக்கிட்டே இருங்க. நான் பேச மாட்டேன். இந்த ரெண்டு நிமிசமும் கெடையாது."

மூட்டில் குறை தெரிந்தால் சோலைமுத்து அதன் மேலேயே பூசி மறைக்கிற ஆள் இல்லை. அறுத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து பற்றவைப்பார். இப்போதும் அதிகம் யோசிக்கவில்லை.

"ஏணி இருக்கா?" என்றார் கேமராவில். "அந்தத் தம்பியக் கூப்புடு. அவரே கழட்டட்டும்."

ஜெயசீலனின் முகம் திரை முழுக்கப் பெரிதாக வந்தது. சட்டையில் டீக் கறை. "அண்ணே, நாலு ஸ்குரூ. என்ன இறுக்கு இறுக்கியிருக்கீக" என்றான். அதிலும் சோலைமுத்துவுக்கு ஒரு துளி பெருமை வராமல் இல்லை. படம் ஆடியது, தரை தெரிந்தது, அணைந்தது.

அவர் போன் செய்தார். எடுக்கவில்லை. இன்னொரு முறை, எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தாள்.

"மோட்டாருக்கு என்னவாம்?" என்று கேட்டார்.

"ஏன், பாக்கலயா?"

"இல்ல. நீதான் சொல்லணும்."

"உள்ள சுத்துன காயில் கருகிப் போச்சாம்" என்று ஆரம்பித்தாள்.

"என்னண்ணே, என்ன சொல்றாக?" என்று தலையைத் தூக்கினார் சாதிக்.

"நீ தூங்கு" என்றார் சோலைமுத்து. போனைக் காதோடு வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வெளியே நடந்து, தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்தார்.