திருமங்கலத்திலிருந்து வந்த ஒற்றை நட்சத்திரம்

எங்கள் அக்கா அவர்கள் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. முதலாண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். "ரெண்டு பக்கம் எழுதிக் குடு மாப்ள" என்று மச்சான் கேட்டபோது ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எதையும் அவசரமாகச் செய்கிறவன் நான், உங்களுக்குத் தெரியும். ஆனால் இது ஐந்தாவது முறையாக எழுதுவது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறேன்.

அக்கா பிறந்தது திருமங்கலத்தில், அம்மா பிறந்த வீட்டில். வளர்ந்தது மதுரையில். அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க். அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு எட்டு. அன்று முதல் எனக்குத் தலை சீவி விட்டதும், ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்துப் போடும் முன்னால் என்னைக் காப்பாற்றியதும் அக்காதான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் இருவருக்கும் துணி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறவர் திருமங்கலத்துச் சித்தி. அம்மாவுடன் பிறந்தவர். இந்தச் சித்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நர்சரிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அக்கா, திருமணமாகி மதுரையிலேயே வில்லாபுரம் வந்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டார். மகளுக்குப் புதுநன்மை வந்தது. (இந்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள் அது. பெண்பிள்ளைகள் வெள்ளைக் கவுன் போடுவார்கள்.) கடைக் கவுன் எல்லாம் கழுத்தில் குத்துகிறது என்று அக்காவே ஒன்று தைத்தார். கோவிலில் பார்த்த நாலு தாய்மார் கேட்டார்கள். அப்படித்தான் தொடங்கியது தொழில். ஒரு மெஷின், ஹாலில் ஒரு மூலை.

அந்த நேரம் பார்த்து நான் பி.பி.ஏ. முடித்து, ஆன்லைன் மார்க்கெட்டிங் கோர்ஸும் படித்துவிட்டு, யார் தலையில் அதை இறக்கலாம் என்று அலைந்துகொண்டிருந்தேன். அக்காவுக்கு பேஜ் தொடங்கினேன். கேட்டலாக் போட்டேன். மேப்பில் வீட்டைக் குறித்தேன். செய்தி வந்தால் தானாகப் பதில் போகிற மாதிரி அமைத்தேன். அந்தத் தானியங்கிப் பதில் ஆளைப் பார்க்கவில்லை. ஒருநாள் அக்கா சிரிப்பு அடங்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"டேய், நாளைக்கு நம்ம தெரு அன்பிய ஜெபக் கூட்டம் எத்தனை மணிக்குன்னு ஃபாதர் கேட்டிருக்காரு. 'உங்கள் ஆர்டர் பரிசீலனையில் உள்ளது'ன்னு போயிருக்குடா!"

பேஜ் வளர்ந்தது. வாங்கியவர்கள் நட்சத்திரம் போட்டார்கள். எல்லாம் ஐந்துக்கு ஐந்து. தினமும் காலையில் பல் தேய்க்கும் முன் அதைத்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்த ஒரு காலையில் ஒற்றை நட்சத்திரம் ஒன்று விழுந்து கிடந்தது. கீழே எழுதியிருந்தது இது: "கவுன் பார்க்க அழகு. கை பிடிக்கிறது. பிள்ளை கை கூப்ப முடியாமல் பூசை முழுக்க அழுதது." பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'திருமங்கலம் கஸ்டமர்' என்று மட்டும்.

நேரே வில்லாபுரம் போனேன். வாசித்துக் காட்டினேன். அக்கா மெஷினை நிறுத்தவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும்டா. ரெண்டொரு கவுனு கை பிடிக்கத்தான செஞ்சுச்சு?"

"அதுக்காக ஊர் பூராம் தெரியவா சொல்றது?"

"நல்லா இருக்குன்னு சொன்னவுக அம்புட்டுப் பேரும் ஊர் பூராம் தெரியத்தான சொன்னாக?"

"உனக்கு ஆன்லைன் புரியாதுக்கா."

"புரியலதான்" என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த கையை எடுத்துக்கொண்டார்.

அன்றே அதன் கீழே பேஜின் பெயரில் பதில் போட்டேன்: "இப்படி ஒரு வாடிக்கையாளர் எங்களுக்கு இல்லை. எங்கள் வளர்ச்சி பொறுக்காதவர்கள் எழுதிய பொய் இது." நீக்கச் சொல்லி மூன்று முறை புகார் கொடுத்தேன். நீக்கவில்லை. யார் போட்டிருப்பார் என்று யோசித்தேன். அந்த ஈஸ்டருக்கு வந்திருந்த சித்தி, தொங்கிய கவுன் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு. கை பிடிக்கும் போலயேடி" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ஊர் திருமங்கலம். வார்த்தையும் அதே வார்த்தை. எனக்கு அது போதும் என்று பட்டது.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வார்டில் இருந்தார். வழக்கத்தை விடக்கூடாது என்று அவர் வற்புறுத்தியதால் உறவினர்கள் வில்லாபுரம் வீட்டில்தான் சாப்பிட்டோம். பந்தியில் என் எதிரே சித்தி.

"அக்கா பேஜு எப்படிடா போகுது?" என்று கேட்டார்.

"உங்க ஒத்த ஸ்டார் புண்ணியத்துல நல்லாப் போகுது சித்தி."

"என்ன ஸ்டாருடா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. கூடப் பிறந்தவ பிள்ளை நாலு காசு பார்த்தா பொறுக்கலையா?"

பதினைந்து பேராவது இருந்தோம். இந்த மலரைப் படிக்கிற பலர் அன்று அங்கே இருந்தீர்கள். சித்தி பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தார், கை கழுவினார், பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்தோம். சித்தியும் சொல்லவில்லை. நான் இல்லாத காலை நேரமாகப் பார்த்து, எப்போதும் போல வார்டுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கும் முன் அக்கா கண்ணை மூடினார். கல்லறைத் தோட்டத்தில் சித்தி எனக்கு எதிர்ப்பக்கம் நின்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்வதற்காக அக்காவின் போனைத் திறந்தேன். அதில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று அக்காவின் பெயரில். மற்றொன்று 'திருமங்கலம் கஸ்டமர்'.

போனைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தேன். தன் தொழிலுக்குத் தானே ஒற்றை நட்சத்திரம் போட்டுக்கொள்கிற ஆளைப் பற்றி நான் படித்த கோர்ஸில் ஒரு வரி கிடையாது.

இரண்டு வாரம் கழித்து, நான் வில்லாபுரம் வீட்டில் இருந்தபோது, ஓர் அம்மா அக்காவைத் தேடிவந்தார். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர். சின்ன மகளுக்குக் கவுன் சொல்ல வந்திருக்கிறார். அக்கா இல்லை என்ற செய்தி அவருக்குத் தெரியாது. சொன்னதும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுது ஓய்ந்த பிறகு, அக்காவின் போனிலிருந்து பேஜில் எழுதியது நீங்களா என்று கேட்டேன்.

"எனக்கு எழுதவே வராது தம்பி. இந்தா, பட்டன் போனு. பெரியவளுக்குக் கை பிடிக்குதுன்னு சொல்லத்தான் வந்தேன். அக்கா உடனே பிரிச்சுத் தச்சுக் குடுத்தாக. 'நல்லாச் சொன்னவுக எல்லாரும் போன்ல எழுதிருக்காக, உங்களுக்கு எழுத வழியில்லைங்கிறதுக்காக உங்க குறை இல்லைன்னு ஆயிருமா, நான் போட்டுறவா'ன்னு கேட்டாக. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

சின்னவளின் கவுனுக்கு என்ன செய்வீர்கள் என்றேன். "பெரியவளது இருக்கே. அக்கா பிரிச்சுத் தச்சது. அதையே போட்டுக்கிருவா" என்று எழுந்தார்.

மச்சானிடம் சொன்னேன். "வாராவாரம் ஃபாதர்கிட்ட தன் குத்தத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போற ஆளு, போன்லயும் போயிருக்கா" என்றார். சிரித்தோம். பிறகு சிரிக்க முடியவில்லை.

நான் முட்டி நிற்கும் இடம் இதுதான். நான் 'பொய்' என்று எழுதியதை அக்கா பார்த்திருப்பார். ஏன் என்னிடம் சொல்லவில்லை? நானாகப் புரிந்துகொள்வேன் என்று காத்திருந்தாரா? படித்த தம்பி முகம் கருத்துவிடும் என்று தயங்கினாரா? அல்லது சொல்லித்தான் இருந்தாரா, மெஷினை ஓட்டிக்கொண்டே, நான்தான் கேட்கவில்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சித்தி அன்று எழுந்து போயிருக்க மாட்டாரே என்று சில நாள் அக்கா மீதே கோபம் வருகிறது. நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்றும் தெரியவில்லை. ஓராண்டாக எனக்கு எதுவும் தெளியவில்லை.

திருமங்கலம் போனேன். சித்தி காபி கொடுத்தார், வேலை எப்படி என்று கேட்டார். நான் பேச்சை எடுத்ததும், "விடுடா, பழசு" என்று உள்ளே போய்விட்டார். அதன் பிறகும் நான் இருக்கிற எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவர் வரவில்லை. "தனியாக் கேட்ட மன்னிப்பு தனியாத்தான் நிக்கும் மாப்ள. நீ பந்தியிலல்ல பேசுன?" என்றார் மச்சான்.

அக்காவை உடன்பிறப்பாகப் பார்த்துக்கொண்ட வார்டு நர்சுகளுக்கும், ரத்தம் கொடுத்த தெரு நண்பர்களுக்கும், வார்டுக்கே வந்து நற்கருணை கொடுத்த ஃபாதருக்கும், அப்பாவைத் தாங்கிப் பிடித்த பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பேஜை மூடவில்லை. அந்த ஒற்றை நட்சத்திரமும் அங்கேயே இருக்கிறது. என் பதிலை மட்டும் மாற்றிவிட்டேன்: "உண்மைதான். கை பிடித்தது. பிரித்துத் தைத்துக் கொடுத்தோம்."

நினைவு மலர் என்றால் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போடும் இடம். அக்காவின் வழக்கப்படி இங்கேயும் ஒரு குறைக்கு இடம் இருக்கட்டும். அது என் குறை.

சித்தி, அன்று அத்தனை பேர் முன்னால் நான் உங்களைச் சொன்னது பொய். அத்தனை பேரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதினேன். என்னை மன்னியுங்கள். திருப்பலி முடிந்ததும் வில்லாபுரம் வீட்டில் சாப்பாடு. நீங்கள் பாதியில் எழுந்த அதே இடத்தில் இலை போட்டிருக்கும். நான்தான் பரிமாறுகிறேன். வாங்க.