டக்கோட்டாவும் ஜூலியும்

போன வாரம் என் தம்பி மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். அவள் புருஷன் ராணுவத்தில் விமானம் ஓட்டுகிறவர். குண்டு போடுகிற விமானம் இல்லை, ஆளும் சாமானும் ஏற்றிப் போகிற விமானம். வந்ததும் வராததுமாக அழுக்குத் துணியை எடுத்து ஊறப்போட்டாள். அவர் சட்டையை நான்தான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் என்ஜின் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்த ஒரு வாடை. நாற்பது வருஷமாக அந்த வாடை என் மூக்கில் படவே இல்லை. கொஞ்ச நேரம் சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. "இன்னா அத்தே, துவைக்காமலே மடிச்சு வெக்கப் போறியா?" என்று சிரித்தாள்.

சாப்பிடும்போது ஒரு விஷயம் கேட்டாள்.

"அத்தே, பெரிய ஏரோப்ளேனுக்குப் போறியா, சின்னதுக்குப் போறியான்னு அவர எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. பெருசுன்னா நல்ல ஊரு, புள்ளைக்கு ஸ்கூல் கெடைக்கும். ஆனா மாசத்துல பாதி நாள் வூட்ல இருக்க மாட்டாரு. சின்னதுன்னா எங்கியோ மலையில போடுவாங்க. சாயங்காலமானா வூட்டுக்கு வந்துடுவாரு. நீ சொல்லு, எதுக்குப் போவட்டும்?"

"என்னக் கேக்காதடி" என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். கழுவி வைத்திருந்த சொம்பை மறுபடியும் கழுவினேன். அத்தைக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். வயசாகிவிட்டதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் காரணம் வேறு. அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமானபோது கடலூரில் இங்கிலீஷ்காரன் கொடியை இறக்கிவிட்டிருந்தான். ஐந்தாறு கல் தூரத்தில் புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் பாகூரில் மட்டும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. நான் வில்லியனூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. பிரெஞ்சு தெரியும் என்று எனக்கு ஒரு கர்வம். தெரிந்ததெல்லாம் பிள்ளைகளை உட்கார், எழுந்திரு என்று அதட்டுகிற அளவுக்குத்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஊரான பாகூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன்.

அவருக்கு வியட்நாமில், சைகோனில் வேலை. பிரெஞ்சுக்காரனை விரட்ட அந்த ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. (பேர் சொல்ல மாட்டேன். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்தில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். இனிக் குறைய ஒன்றுமில்லை, இருந்தாலும் நாக்கு வரமாட்டேன் என்கிறது.) பிரெஞ்சு ராணுவ விமானத்தில் அவர் ரேடியோக்காரர். ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் காதில் குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மாமியார் மட்டும் "எம்புள்ளதான் ஏரோப்ளேன் ஓட்றான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். "ஓட்றது வேற ஆளு, அத்தே" என்று பள்ளிக்கூடப் புத்தியில் ஒரு நாள் திருத்தினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்போதெல்லாம் யார் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்திவிடுகிற பழக்கம் எனக்கு. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு அடுத்த தை மாதம் லீவில் வந்தார். திரும்பிப் போனதும் எந்த விமானத்துக்குப் போகிறேன் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏரிக்கரையில் நடந்துகொண்டே சொன்னார்.

"டக்கோட்டான்னு ஒண்ணு, ரெண்டு என்ஜின். மேகத்துக்கு மேல போவும், நல்ல வேகம். ஆனா போனா பத்து நாளு, பதினஞ்சு நாளு. ஹனோய், கல்கத்தான்னு எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது. வூடு குடுக்க மாட்டாங்க. நீ இங்கியேதான் இருக்கணும்."

"இன்னொண்ணு?"

"அதுக்கு மூணு என்ஜின். மூக்குல ஒண்ணு. ஒடம்பெல்லாம் நெளி நெளியாத் தகரம். வெள்ளக்காரனுங்க ஜூலின்னு பொம்பள பேரு வெச்சிருக்கானுங்க. காட்டுக்குள்ள சின்னச் சின்னக் காவல் எடங்க இருக்குது, ரோடு கெடையாது. அதுங்களுக்கு அரிசி, உப்பு, கடுதாசின்னு மேலேர்ந்து தள்ளி வுடணும். காலைல போனா சாயங்காலம் திரும்பிடலாம். ரெண்டு ரூம் வூடு தருவாங்க. நீ வந்துடலாம்."

"அப்புறம் இன்னா யோசன?"

"அது தாழப் பறக்கும்."

"எவ்ளோ தாழ?"

"நாத்து நடுறவன் தொப்பியில ஓட்டை இருந்தா தெரியும்."

நான் சிரித்தேன். எவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்தேன். தொப்பியின் ஓட்டை நமக்குத் தெரிந்தால் நாம் அவனுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிவோம் என்று என் மண்டையில் ஏறவில்லை. கணக்கு வேறு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலம் வூட்டுக்கு வர்றதுக்கே போங்க" என்றேன். அவர் ஒரு கல்லை எடுத்து ஏரியில் வீசினார்.

மாமியாருக்கு வேறு ஆசை. கல்கத்தா என்ற பேர் காதில் விழுந்ததுமே அவர் முடிவு செய்துவிட்டார். "தூரமாப் போறதுக்கே போடா. கல்கத்தா வரைக்கும் வந்தியானா ரயிலேறி வூட்டுக்கு வந்து ஒரு வா சோறு துன்னுட்டுப் போவலாம்." புறப்படுகிற அன்று வாசலில் வைத்து மகன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நீ சொன்னதுக்கே போறேம்மா" என்றார் அவர். வண்டியில் ஏறும்போது நான் முறைத்தேன். "அம்மாவுக்கு எல்லாம் ஏரோப்ளேன்தான், வாத்தியாரம்மா. நீ ஒண்ணும் சொல்லிக்காத" என்று மெதுவாகச் சொன்னார்.

ஜூலிதான் கிடைத்தது.

வாரம் ஒரு கடிதம் வரும். மாமியாருக்குப் படிப்பு கிடையாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். கடிதத்தில் இருப்பது ஒன்று, நான் படிப்பது ஒன்று. "சாமான் தள்ளுவதற்காகக் கதவையே கழற்றி வைத்திருக்கிறார்கள், காற்று காதைப் பிய்க்கிறது" என்று அவர் எழுதியிருந்தால், நான் "கல்கத்தாவில் டிராம் வண்டியில் போனேன்" என்று படிப்பேன். "கீழே நம்ம ஊர் மாதிரியே வயல், நம்ம ஊர் மாதிரியே வரப்பு" என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அதை மட்டும் மாற்றாமல் படித்தேன். கேட்டுக்கொண்டிருந்த என் தம்பி, "அந்த வயலுக்காரனுக்கு மாமாவ புடிக்குமாக்கா?" என்றான். அவன் அப்போது வெள்ளைக்காரன் போகணும் என்று கோஷம் போடுகிற கூட்டத்தில் இருந்தான். போடா என்று விரட்டிவிட்டேன்.

மாமியாருக்கு ஒரே ஒரு குறைதான். "கல்கத்தா வரைக்கும் வர்றவன் வூட்டுக்கு வர மாட்றானே." அதற்கும் ஒரு பொய் சொல்லுவேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் அதுவும் பொய்.

வீடு கொடுத்துவிட்டார்கள் என்று சித்திரையில் எழுதினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பலாமரமாம். தினமும் ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, குளித்துவிட்டு, எனக்காக வாங்கிப்போட்ட நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். நான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் வரவேண்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். ஆவணியில் ஒரு கப்பல் இருந்தது. அதற்குப் பெட்டி வாங்கியாகிவிட்டது.

ஆடியில், ஒரு மத்தியானம், மேரியிலிருந்து ஆள் வந்தான். ஊர் நிர்வாகம் பார்க்கிற கொம்யூன் ஆபீசை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கையில் ஒரு காகிதம், பிரெஞ்சில் நாலு வரி. அந்த வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவனுக்குச் சேதி தெரிந்திருக்கவேண்டும், தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டான்.

விமானம் திரும்பவில்லை. ஆட்கள் அகப்படவில்லை. காட்டின் பேர் ஒன்று எழுதியிருந்தது, இன்றுவரை அதைச் சரியாக உச்சரிக்க எனக்குத் தெரியாது.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து, "இன்னாடி எழுதியிருக்குது?" என்றார்.

"ஏரோப்ளேன் திரும்பி வர்லியாம், அத்தே."

முறம் கையிலேயே இருந்தது. அதிலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேகத்துக்கு மேல போனவனுக்கு எறங்க வழி தெரியல. நான்தானே போவச் சொன்னேன். எஞ்சோத்த துன்ன வருவான்னு நான்தானே சொன்னேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் மேகத்துக்கு மேல் போகவில்லை, உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, என் பேச்சைத்தான் கேட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். யார் தப்பாகச் சொன்னாலும் திருத்துகிறவள் நான். திருத்தவில்லை. மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகைக்குள் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, பழி என்மேல் விழவில்லையே என்று. அதைவிடக் கேவலமாக நான் எதையும் நினைத்ததில்லை.

அவர் அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். வெள்ளைக்காரன் போனதைக்கூடப் பார்த்தார். மழைக்காலம் வந்தால் முற்றத்தில் நின்று மேகத்தைப் பார்த்துத் திட்டுவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நான்தாம்மா தள்ளி வுட்டேன்" என்பார். கடைசி வருஷம் அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் துணிந்தேன்.

"அத்தே, அவர் போனது டக்கோட்டா இல்ல."

கண்ணைத் திறக்காமலே, "எதுவாயிருந்தா இன்னா? எம்பேச்சக் கேட்டுத்தானே போனான்" என்றார்.

இல்லை, அத்தை. இரண்டே வார்த்தை. கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு அதற்கு மறுநாள் என்று. அப்படியே அவர் போய்விட்டார்.

பாகூர் வீட்டை விட்டு வில்லியனூருக்கே வந்துவிட்டேன். கடலூர் சாலையில் இருந்த சுங்கச் சாவடிகள் இல்லை. சைகோன் கப்பலும் இல்லை, அதில் ஏறுவதற்கு நடந்துபோகும் பாலமே கடலில் விழுந்துவிட்டது. சைகோனுக்கே இப்போது வேறு பேர். ஜூலிகளை எப்போதோ உருக்கியிருப்பார்கள். என் பிரெஞ்சில் மிச்சம் இருப்பது அந்த நாலு வரி மட்டும், அது எழுத்து மாறாமல் இருக்கிறது. அவருக்குச் சமாதி என்று ஒன்று கிடையாது. மாமியாரை எரித்த மேட்டையும் போன வருஷம் வெட்டிச் சமன்செய்து கரும்பு வைத்துவிட்டார்கள். ஒரு தரம் போய் நின்று சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை.